புகை போகும் வழி

வாடகைக்கு ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறோம். எதைப் பார்க்கிறோம்? வாசலைப் பார்க்கிறோம். திண்ணை அகலமாக இருக்கிறதா, கூடத்தில் காற்று வருகிறதா என்றெல்லாம் விசாரிக்கிறோம். குடி வந்த பிறகும் வாசலுக்குத்தான் மரியாதை. தினம் பெருக்கி, நீர் தெளித்து, கோலம் போட்டு, வெள்ளிக்கிழமை என்றால் செம்மண் கரையும் கட்டுகிறோம். கொல்லைப்புறத்துக்கு யாரும் கோலம் போட்டு நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு சாக்கடை இருக்கிறது என்பதே, அது அடைத்துக் கொள்கிற தினத்தில்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. அன்றைக்குப் பாருங்கள், வாசல் கோலத்தை ரசிக்க வீட்டில் ஒருவருக்கும் மனசு இருக்காது.

யந்திரங்கள் விஷயத்திலும் இப்படித்தான். மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பான். எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பான். வண்டி மூச்சு விடுகிற வழி எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டான். புகைக்குழாய் என்றால் நமக்கு ஏதோ கழிவு போகிற வழி. அது சற்று ஓட்டையானால் என்ன, நசுங்கினால் என்ன, போக வேண்டியது போனால் சரி என்று நினைக்கிறோம்.

அது அப்படியில்லை என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது பெரிய யந்திரம் எதுவும் அல்ல. என் முழங்கால் உயரங்கூட இல்லாத ஒரு பொம்மை லாரி.

பொம்மை என்றதும் சாவி கொடுத்தால் ஓடுகிற தகர மோட்டாரை நினைத்துக் கொள்ள வேண்டாம். இது ரிமோட்டில் ஓடுவது; ஆனால் பாட்டரியில் அல்ல. உள்ளே அசல் எஞ்சின் இருக்கிறது. பிஸ்டன் உண்டு, கார்புரேட்டர் உண்டு, எண்ணெய்த் தொட்டி உண்டு. எஞ்சினின் கொள்ளளவு 4 ஸி.ஸி.க்குச் சற்று மேல். அதாவது ஒரு தேக்கரண்டி மருந்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தேக்கரண்டி நிமிஷத்துக்கு 30,000 சுற்றுச் சுற்றுகிறது. தமிழ்நாட்டு இளைஞர்கள் இன்னும் பெருமூச்சு விடுகிற ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் கூட 7,500 சுற்றில் தன் முழு பலத்தையும் காட்டிவிடும். இந்தக் குட்டிச் சாத்தான் அதைப் போல் நாலு மடங்கு ஆடுகிறது.

லாரி, ஏற்காட்டில் இருக்கும் என் சிநேகிதரின் பேரனுக்குச் சொந்தம். சிநேகிதர் தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்திவிட்டு, மலை மேல் ஒரு சின்ன வீட்டில் ஓய்வாக இருக்கிறார். வீட்டைச் சுற்றி நாலைந்து ஏக்கர் காப்பி. நடுநடுவே ஸில்வர் ஓக் மரங்கள், மரங்களில் மிளகுக் கொடி. பின்புறம் காப்பிப் பழம் உலர்த்துவதற்காக ஸிமெண்டு போட்ட களம். தொடர்கதையில் கதாநாயகி சொன்ன பேச்சைக் கேட்காத போதெல்லாம் நான் அங்கே போய்ப் பத்து நாள் தங்குவது வழக்கம்.

பேரனுக்குப் பதினாலு வயசு. தாத்தா வீட்டிலிருந்து மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிறான். அப்பாவும் அம்மாவும் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு டெலிபோனில் முகம் காட்டிப் பேசுவார்கள். அப்பா இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். சென்ற அக்டோபரில் வந்தபோதுதான் இந்த லாரியைக் கொண்டு வந்தார். மூன்று வாரம் இருந்தார். அந்த மூன்று வாரமும் அப்பாவும் பிள்ளையும் களத்தை விட்டு நகரவில்லை என்றும், சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் தொண்டை கட்டிவிட்டது என்றும் பாட்டி சொன்னாள்.

முதல் நாள் வண்டி ஓடியபோது பாட்டி உள்ளேயிருந்து, "யாரது, பேதிக்கு எண்ணெய் காய்ச்சறது?" என்று கேட்டாளாம். மூக்கு பொய் சொல்லவில்லை. இந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் ஆகாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த திரவம்தான் ஆகாரம். எண்ணெயில் ஒரு பங்கு நம்முடைய விளக்கெண்ணெயேதான். பெட்ரோலோடு அவ்வளவாகச் சேராத விளக்கெண்ணெய், மெத்தனாலோடு சொந்தம் மாதிரி கலந்து விடும். சூட்டிலும் லேசில் வழுக்கலை விடாது. முதல் உலக யுத்தத்து ஆகாய விமானங்களுக்கே இதைத்தான் ஊற்றினார்கள். மலையிலிருந்து இறங்கினால் சேலம் ஜில்லாவில் ஏத்தாப்பூர் என்ற ஊரில் ஆமணக்கை ஆராய்கிற ஒரு நிலையம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த லாரி நம் ஊர் ஆமணக்கின் புகையைத்தான் விட்டுக் கொண்டிருந்தது.

மெத்தனால் என்ற பெயரைக் கேட்டதும் சிநேகிதர் மட்டும் முகம் சுளித்தார். நியாயந்தான். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த விஷச் சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். ஆகவே எரிபொருள் டப்பா தாத்தாவின் பீரோவில் பூட்டியிருக்கும். சாவி அவர் பூணூலில் இல்லை, அரைஞாணில் இல்லை. கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும். வண்டி ஓடுகிற வேளைகளில் அவரே அளந்து ஊற்றுவார். பழைய நாளில் ஸ்டாம்பு விற்ற கணக்கை விடக் கறாரான கணக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த எஞ்சினின் வயிற்றிலிருந்து ஒரு வளைந்த அலுமினியக் குழாய் புறப்படுகிறது. அதன் முனையில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு ஸிலிகோன் ரப்பர் குழல். ரப்பரின் அடுத்த முனையில் இன்னோர் அலுமினியக் குழாய். மிருதங்கத்தைப் போல் இரண்டு பக்கமும் சிறுத்து நடுவில் பெருத்தது. ரப்பர் நழுவாமல் இரு முனையிலும் ஒரு கட்டு. இவ்வளவுதான் புகை போகும் வழி. இதில் கெடுவதற்கு எத்தனை இடம் என்று நினைக்கிறீர்கள்? எஞ்சினோடு குழாய் சேருமிடத்தில் கேஸ்கெட் கசியும். கசிந்தால் அங்கே கறுப்பாக எண்ணெய் வழியும். குழாயை இழுத்துப் பிடிக்கிற கம்பிச் சுருள், அதிர்ச்சி தாங்காமல் அறும். மிருதங்கத்தைத் தாங்குகிற கம்பி ஒடியும். பற்ற வைத்த இடம் விரியும். எல்லாவற்றிலும் பலவீனமானது அந்த ரப்பர்.

டிசம்பர் விடுமுறையில் பையன் லாரியைத் தூக்கிக் கொண்டு சேலத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனான். மலையில் காப்பி அறுவடை ஆரம்பமாகி, களம் முழுவதும் பழத்தைக் கொட்டிவிட்டார்கள், ஓட்ட இடமில்லை. அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய மைதானம். பத்து நிமிஷம் பிரமாதமாக ஓடியது. அப்புறம் சப்தம் மெலிந்து கீச்சென்று ஏறியது. வாலாகத் தொடர்ந்து வந்த வெள்ளைப் புகை காணாமல் போயிற்று. வண்டி நின்றது. எடுத்துப் பார்த்தால் ரப்பரில் சுண்டு விரல் நுழைகிற பொத்தல். ஓரமெல்லாம் அப்பளம் கருகின மாதிரி.

மாற்று ரப்பர் இருந்தது. மலைக்கு வந்து போட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத தோட்டச் சாலையில் ஓட்டினான். ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கு மறுபடி சேலம் போனான். மறுபடி பத்து நிமிஷம். மறுபடி பொத்தல். நடுவில் அவசரத்துக்கு ஒரு சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிப் பார்த்தான். அது இரண்டு நிமிஷத்தில் ஊர் முழுக்க நாறிவிட்டு உருகிப் போயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. ரப்பர் விற்ற கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது தாத்தாவின் கட்சி. சேலத்து வெயிலுக்கு எதுதான் தாங்கும் என்பது பாட்டியின் கட்சி. பையன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பேச்சையும் குறைத்து விட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில், "லாரி எப்படிடா ஓடுது?" என்று அப்பா கேட்டதற்கு, "நல்லா ஓடுதுப்பா" என்று பளிச்சென்று சொன்னான். நான் பக்கத்து அறையில் கதாநாயகியோடு மன்றாடிக் கொண்டிருந்தேன். அந்தப் பளிச் எனக்கு இயற்கையாகப் படவில்லை. பதினாலு வயசுப் பையன் பழுதை மறைக்கிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரிச் சந்தேகங்கள் வருவது தொழில் வியாதி.

மறுநாள் மூவருமாக ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் மெக்கானிக்கிடம் போனோம். மலையில் டூ-ஸ்ட்ரோக் வைத்தியம் என்றால் அவர்தான். பழைய ஆர்.எக்ஸ். வண்டிகள், தோட்டத்தில் மருந்து அடிக்கும் யந்திரங்கள், மரம் அறுக்கும் வாள்கள் எல்லாம் அவர் கடையில் வரிசையாகப் படுத்திருக்கும். லாரியைக் கையில் வாங்கி, குழந்தையை மல்லாத்திப் பார்க்கிற டாக்டர் மாதிரி திருப்பிப் பார்த்தார். பொத்தல் விழுந்த ரப்பரை முகர்ந்தார்.

"மேல ஓட்டுறப்ப ஒண்ணும் ஆகலீங்களா, தம்பி?"

"இல்லண்ணா."

"கீழ போனா மட்டும் பொத்துக்குதுங்களா?"

"ஆமாண்ணா. ரெண்டு வாட்டி."

மெக்கானிக் சிரித்தார். "ரப்பர் மேல தப்பில்லீங்க சார். வண்டி பசியில ஓடியிருக்குது" என்றார்.

அவர் சொன்னதை அவர் பாஷையிலேயே எழுத ஆசைதான். ஆனால் பாதிப் பாடத்தைக் கையாலும் திருப்புளியாலும் நடத்தினார். ஆகவே நான் புரிந்து கொண்டபடி சொல்கிறேன்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், எரிந்த புகை வெளியே போகும் துவாரம் மூடுவதற்கு முன்பே புதுச் சரக்கு உள்ளே வர ஆரம்பித்து விடுகிறது. கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்திருப்பதற்குள் இரண்டாம் பந்திக்காரர்கள் நுழைகிற மாதிரி. அந்த நெரிசலில் இன்னும் சாப்பிடாத சிலரும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே தள்ளப்பட்டு விடுகிறார்கள். அவர்களைத் தெருவில் மடக்கி, "நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையே, உள்ளே வாருங்கள்" என்று திருப்பி அனுப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மிருதங்கக் குழாய். புகையோடு புறப்படுகிற அழுத்த அலை, குழாய் விரிகிற பாகத்தில் ஓர் உறிஞ்சலைத் திருப்பி அனுப்புகிறது. அது மிச்சப் புகையை வெளியே இழுக்கிறது. பிறகு குழாய் சிறுக்கிற பாகத்தில் மோதித் திரும்பி வந்து, தப்பிப் போன புதுச் சரக்கை எஞ்சினுக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. துவாரம் மூடுவதற்குள் இவ்வளவும் நடந்தாக வேண்டும். 30,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் 500-ல் ஒரு பங்கு. துவாரம் திறந்திருப்பது அதிலும் பாதி. அலை போய்வர அந்த நேரந்தான் அவகாசம் என்பதால்தான் குழாயின் நீளமும் ஒரு சாணுக்குச் சற்று மேலாக அளந்து வைத்திருக்கிறார்கள். நாதஸ்வரத்துக்கு நீளம் தவறினால் சுருதி போகும். இதற்கு நீளம் தவறினால் பலம் போகும்.

சிநேகிதர் இதைக் கேட்டுச் சற்று நேரம் தாடையைத் தடவிக் கொண்டிருந்தார்.

"அப்படின்னா மணியார்டர் மாதிரின்னு சொல்லுங்க" என்றார். "வெளியூருக்குப் போனவன் அங்கேயிருந்து திருப்பி அனுப்பறான். தேதிக்கு வந்தாத்தான் பிரயோசனம்."

முப்பத்தைந்து வருஷம் தபால் இலாகாவில் இருந்தவர் வேறு எப்படிச் சொல்வார்? பையன் தாத்தாவை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

இந்தக் குழாயை விஞ்ஞானமாக்கியதில் பெரிய பங்கு வால்டர் காடன் என்ற ஜெர்மானியருக்கு. 1950-களில் கிழக்கு ஜெர்மனியில் எம்.ஸட். பந்தய மோட்டார் சைக்கிள்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். பணமும் கிடையாது, நல்ல உலோகமும் கிடையாது. குழாயின் வடிவத்தை மாற்றி மாற்றியே 125 ஸி.ஸி. எஞ்சினிலிருந்து 1961-ல் 25 குதிரை சக்தியை எடுத்து உலகத்தைத் திகைக்க வைத்தார். அந்த வருஷம் செப்டம்பரில் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடனில் நடந்த பந்தயத்தோடு மேற்கே தப்பிப் போய், ரகசியத்தை ஜப்பானில் ஸுஸுகி கம்பெனியிடம் கொண்டு சேர்த்தார். மறு வருஷமே 50 ஸி.ஸி. உலகப் பட்டம் அவருக்கும் ஸுஸுகிக்கும் கிடைத்தது. 1984-ல் நம் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 100 ஸி.ஸி. ஸுஸுகி வண்டிகள் வெளிவந்தபோது, அந்த வித்தையில் ஒரு துளி சேலம் நெடுஞ்சாலை வரை வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

லாரிக் குழாய் இன்னொரு வேலையும் செய்கிறது. அதன் முதுகில் ஒரு சிறு மூக்கு. அதிலிருந்து மெல்லிய ரப்பர்க் குழல் எண்ணெய்த் தொட்டிக்குப் போகிறது. புகையின் அழுத்தம் தொட்டிக்குள் புகுந்து, எரிபொருளைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. ஆகப் புகைதான் அடுத்த கவளத்தை ஊட்டுகிறது. இப்போது ரப்பரில் ஒரு சின்னப் பொத்தல் விழுந்தால் என்ன ஆகும்? குழாயில் அழுத்தம் குறைகிறது. தொட்டியில் தள்ளும் பலம் குறைகிறது. எஞ்சினுக்கு எரிபொருள் குறைந்து காற்று மிஞ்சுகிறது. எஞ்சின் இன்னும் சுடுகிறது. இன்னும் சுட்டால் பொத்தல் இன்னும் பெரிதாகிறது. ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளுகிற சக்கரம். நிறுத்தாமல் விட்டால் பிஸ்டன் வரை போய்த்தான் நிற்கும்.

"சரி, முதல் பொத்தல் ஏன் விழுந்தது?" என்று நான் கேட்டேன்.

மெக்கானிக் வெளியே கையைக் காட்டினார். மூடுபனிக்குள் மலைப் பாதை இறங்கிப் போய்க் கொண்டிருந்தது.

"இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கறீங்கல்ல? அதனாலதாங்க."

ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர். சேலம் 300 மீட்டர் கூட இல்லை. சேலத்தோடு பார்த்தால் ஏற்காட்டில் காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் அதற்குத் தக்கபடி எரிபொருளையும் குறைக்க வேண்டும். அதற்காகக் கார்புரேட்டரில் ஓர் ஊசி இருக்கிறது. உள்ளே திருகினால் எரிபொருள் குறையும். வெளியே திருகினால் கூடும். மலைக் காற்றுக்குச் சரியாகத் திருகி வைத்த ஊசியோடு சேலத்துக்கு இறங்கினால், அங்கே காற்று அதிகம், எரிபொருள் பழைய அளவு. அதைத்தான் மெக்கானிக் பசி என்றார். பசியோடு ஓடுகிற எஞ்சின் ஜோராகக் கத்தும். கேட்பவனுக்கு உற்சாகமாக இருக்கும். உள்ளே வெந்து கொண்டிருக்கும். அந்தச் சூடு முதலில் ரப்பரைத்தான் தேடி வரும். ஸிலிகோன் ரப்பர் இருநூற்றுச் சொச்சம் டிகிரி தாங்கும். புகை அதற்கு மேல் எவ்வளவோ.

"புகை வராட்டித்தாங்க பயப்படணும். வெள்ளையா வால் மாதிரி வந்துக்கிட்டே இருந்தா வயிறு நெறைஞ்சிருக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

நான் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அலுமினியம். அந்தக் கடையின் தரையைத் தோண்டினால் வருகிற செம்மண்ணில் இருப்பதும் அதுதான். சேர்வராயன் மலையின் பாக்ஸைட் மண் மேட்டூருக்கு இறங்கிப் போய் அலுமினியமாக மாறின காலம் ஒன்று உண்டு. 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த உருக்காலை 2008-ல் நின்று போயிற்று. மலையை விட்டு இறங்குகிற பண்டம் எல்லாம் ஏதாவது ஒரு சூட்டைத் தாங்கித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

"ஊசியை அரைக்கால் திருகு வெளிய விடுங்க, தம்பி. சேலம் போனப்புறம் விடுங்க. மேல வந்தா திருப்பி வெச்சுருங்க" என்றார் மெக்கானிக்.

பையன் அசையவில்லை. லாரியை வாங்கி மார்போடு அணைத்துக் கொண்டான்.

"அந்த ஊசியைத் தொட வேண்டாம்ண்ணா" என்றான்.

அப்போதுதான் கவனித்தேன். ஊசியின் தலையிலும் அதன் கூட்டிலும் சேர்ந்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. அப்பா ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், களத்தில் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்து, இதுதான் சரியான இடம் என்று நகப்பூச்சால் கோடு போட்டு வைத்தாராம். இந்தக் கோடு நகராமல் பார்த்துக் கொள்ளு என்றாராம். இரண்டு கோடும் மயிரிழை பிசகாமல் அப்படியே இருந்தன.

பையன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "திருகினா அப்பா வெச்சது தப்புன்னு ஆயிடும்."

டெலிபோனில் கேட்ட அந்தப் பளிச்சுக்கு அர்த்தம் எனக்கு விளங்கிற்று. பொத்தல் விழுந்த ரப்பரை அவன் மறைக்கவில்லை. அப்பாவின் கணக்குப் பிசகியிருக்கலாம் என்ற சந்தேகத்தை, ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற மனுஷர் காதில் விழாமல் மறைத்தான்.

தாத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெக்கானிக் முந்திக் கொண்டார். திருப்புளியைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு, பையனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"அப்பா வெச்சது ரொம்பச் சரிங்க, தம்பி. நானே வெச்சாலும் இந்த மலைக்கு அங்கதான் வெப்பேன். அப்பா ஊசியை வெச்சுட்டுப் போனாரு. மலையை யாரு கீழ எடுத்துக்கிட்டுப் போனது?"

நான் படித்த வேதாந்த நூல்களில் கூட இவ்வளவு சுருக்கமான ஒரு வாக்கியம் கிடைப்பது அரிது. சிநேகிதரும் தம் பங்குக்கு ஒன்று சொன்னார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காப்பியைக் கொண்டு வந்து வைத்தார். இருநூறு வருஷமாகக் காய்க்கிறது. அதே நாற்றைப் பிடுங்கிச் சேலம் கடைவீதியில் நட்டு வைத்து, காய்க்கவில்லை என்றால் துரை பேரில் குற்றமா?

பையன் லேசாகச் சிரித்தான். ஆனால் ஊசியைத் திருகவில்லை. லாரியை எடுத்துக் கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். மெக்கானிக்கும் அவனை வற்புறுத்தவில்லை; தானாகத் திருகியும் கொடுக்கவில்லை. கைக்கெட்டிய திருகைத் திருகாமல் விடுகிறவன் உலகத்தில் அபூர்வம். அவருக்கு என் மனசில் அப்போதே ஒரு நமஸ்காரம் செய்து கொண்டேன்.

ரப்பர் மாட்டுகிற விதத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தார். ரப்பருக்குள் இரண்டு குழாய் முனைகளும் கிட்டத்தட்ட முட்டிக் கொண்டு இருக்க வேண்டும். நடுவே இடைவெளி விட்டால், சுடு புகை நேராக ரப்பரின் சுவரில் மோதும். பொத்தல் இரண்டு தடவையும் சரியாக அந்த இடைவெளியில்தான் விழுந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. நான் மலையிலிருந்து இறங்குகிற நாள். பையனும் தாத்தாவும் சேலம் வரை கூட வந்தார்கள். லாரியும் வந்தது. இரயிலுக்கு நேரம் இருந்ததால் மைதானத்துக்குப் போனோம். அத்தை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அது மெக்கானிக் சொல்லிக் கொடுத்த பரீட்சை. எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். மூன்று நாலு விநாடி கொதித்து மறைந்தால் சூடு சரி. விழுந்தவுடனே சொய்யென்று துள்ளி ஓடினால் ஆபத்து. தோசைக்கல்லைப் பார்க்கத் தெரிந்த யாருக்கும் இதைப் பார்க்கத் தெரியும்.

பையன் முதலில் ஊசியைத் தொடாமலே ஒரு நிமிஷம் ஓட்டினான். நிறுத்தி, தண்ணீர் விட்டான். சொட்டு துள்ளி ஓடியது. அவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்தான். வெள்ளைக் கோட்டின் மேல் வைத்தான். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக் கொண்டு நின்றோம். ஒரு பொம்மை லாரியின் ஊசியை ஒரு பையன் திருகுவதற்கு மூன்று பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக் கொண்டு நிற்பது வேடிக்கைதான். ஆனால் அந்தச் சமயம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோடு இரண்டாகப் பிரிந்தது. மேல் கோடு ஒரு நூல் இடது பக்கம் நகர்ந்தது. ஓட்டினான். தண்ணீர் விட்டான். இன்னும் ஒரு நூல். நாலாவது தடவை சொட்டு நின்று, நிதானமாகக் கொதித்து மறைந்தது. அப்புறம் லாரி ஓடியது பாருங்கள்! வெள்ளைப் புகை வாலாகத் தொடர, விளக்கெண்ணெய் மணக்க, பத்து நிமிஷம், இருபது நிமிஷம், தொட்டி காலியாகிற வரை ஓடிற்று. மறுபடி ஊற்றி மறுபடி ஓட்டினான். ரப்பரைத் தொட்டுப் பார்த்தபோது, எண்ணெய் ஈரத்தோடு, முழுசாக இருந்தது.

இரயில் நேரமாகிவிட்டது. பையன் தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக் கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தான். முதல் வரி: "ஏற்காடு: அப்பா கோடு." இரண்டாவது வரி: "சேலம்: அப்பா கோட்டிலிருந்து நாலு நூல் வெளியே." மூன்றாவது வரியில் ஹூஸ்டன் என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருந்தான்.

"அங்கே எவ்வளவு உயரம் என்று தெரியுமா?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்டக் கடல் மட்டந்தான். இன்னும் கொஞ்சம் வெளியே திருகணும்" என்றான். "எவ்வளவுன்னு நாளைக்கு அப்பாவைக் கேட்கணும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.